அப்பா கட்டிய மெசின்

இதை எழுதுவது அக்கா. ஆனால் தம்பி சாப்பாட்டு மேசையின் மற்றப் பக்கத்தில் இருந்துகொண்டு, ஒவ்வொரு வரிக்கும் "அது அப்படியில்லை அக்கா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். ஆகையால் "நாங்கள்" என்றே எழுதுகிறோம். செய்த பிழையும் இரண்டு பேரும் சேர்ந்து செய்ததுதான்.

பிழையை முதலில் சொல்லிவிடுகிறோம். 2021 ஒக்டோபரில் அப்பா ஒரு கலியாண வீட்டுக்கு மொன்றியல் போயிருந்தார். அவர் இல்லாத அந்த இரண்டு நாளில், கராஜில் இருந்த அவருடைய டேபிள் சோவை அவரிடம் கேட்காமல் விற்றுவிட்டோம். 150 டொலர். வாங்க வந்தவர் ஒரு வானில் ஏற்றிக்கொண்டு போனார். தம்பிதான் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவிட்டான்.

ஏன் விற்றோம் என்பதற்கு எங்களிடம் நல்ல காரணம் இருந்தது. அந்த வருடம் பெப்ரவரியில் அம்மா காலமானார். கோவிட் காலம், அடக்க ஆராதனைக்கு ஒரு சிலர் மட்டும் நிற்கலாம், மற்றவர்கள் ஸூமில் பார்த்தார்கள். சனம் வந்து கட்டிப்பிடித்து அழுது போகும் செத்த வீடுகளைப் பார்த்து வளர்ந்த மனுசனுக்கு அது எப்படி இருந்திருக்கும்! அதே வருடம் வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றார். இருபது வருடத்துக்கு மேல் சமையலறைக் கபினெட் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நின்றவர். பிறகு கராஜுக்குள் போனார். காலையில் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட வேண்டும். யாரோ வீடு மாறும்போது விற்ற ஒரு பழைய டேபிள் சோவை வாங்கிவந்து வைத்திருந்தார். மேசையின் நடுவில் சில்லுப்போன்ற வட்ட வாள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் மேல் மூடி இல்லை. வாளுக்குப் பின்னால் நின்று பலகையைப் பிரித்து வைத்திருக்க வேண்டிய தகடும் இல்லை. அந்தத் தகடு இல்லாவிட்டால் அரிந்த பலகை நெருங்கி வந்து வாளைக் கவ்வும். கவ்வினால் வாள் அந்தப் பலகையை எங்கள் வயிற்றைப் பார்த்து எறியும்.

அக்கா அவசர சிகிச்சைப் பிரிவில் தாதி. விரல்கள் எப்படி வரும் என்று அவளுக்குத் தெரியும். சிலர் ஐஸ் பெட்டிக்குள் நேரே போட்டுக் கொண்டுவருவார்கள், அது பிழை. (எங்கள் வாலிபர் இதை மட்டும் பாடமாக்கி வைத்தால் நல்லது: துண்டான விரலை ஈரத் துணியில் சுற்றி, ஒரு பிளாஸ்ரிக் பைக்குள் போட்டு இறுக்கி மூடி, அந்தப் பையைத்தான் ஐஸும் தண்ணீருமாக இருக்கும் பாத்திரத்தில் வைக்க வேண்டும். ஐஸ் நேரே தோலில் பட்டால் அது செத்துப் போகும்.) ஒரு இரவு வேலை முடிந்து வீடு வந்த காலை, கராஜ் கதவைத் திறந்தால் அப்பா கண்ணாடி இல்லாமல் அந்த வாளுக்கு மேலே குனிந்து நிற்கிறார். அன்றைக்கே நாங்கள் முடிவு செய்துவிட்டோம். அப்பாவோடு கதைத்து ஒரு முடிவுக்கு வர வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவேயில்லை. அதுதான் பிழை.

ஞாயிற்றுக்கிழமை இரவு வந்தார். திங்கள் காலை கராஜுக்குப் போனார். நாங்கள் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றோம். மெசின் நின்ற இடத்தில் நாலு எண்ணெய்ப் பொட்டுகள் மட்டும் இருந்தன. திரும்பி வந்து கோப்பி போட்டார்.

"நல்ல விலைக்குப் போச்சுதோ?"

"நூற்றைம்பது, அப்பா."

"ம்."

சத்தம் போடவில்லை. ஆனால் அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஜெபம் பண்ணவில்லை. எங்கள் வீட்டில் அது அப்பாவின் வேலை, நாங்கள் பிறந்த நாள் முதல். "தம்பி, நீர் ஜெபியும்" என்றார். அவனை அவர் நீர் என்று சொன்னதே கிடையாது. அடுத்த நாளும் அப்படித்தான். கிறிஸ்மஸ் வரைக்கும் அப்படித்தான்.

எங்கள் அப்பா மானிப்பாயில் பிறந்தவர். மானிப்பாய் என்றவுடன் எங்கள் சபையில் பலருக்கு வைத்தியர் கிறீன் ஞாபகம் வரும்; 1847இல் அமெரிக்க மிஷனால் அனுப்பப்பட்டு வந்து, தமிழிலேயே மேல்நாட்டு வைத்தியம் படிப்பித்தவர். அப்பாவின் வீட்டாரும் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, உத்தியோகம் பார்த்த பரம்பரை. அப்பா மட்டும் கணக்கில் ஓடவில்லை. பக்கத்து மரக்காலையிலேயே நிற்பார். அதற்காக அடி வாங்கியிருக்கிறார். கைவேலை என்றால் எங்கள் சனத்துக்கு ஒரு இளக்காரம். அதற்குள் சாதி எண்ணமும் இருந்தது. அதை ஒளிப்பதில் பிரயோசனம் இல்லை. அப்பா இதைச் சொல்லிச் சிரிப்பார்: "நாசரேத்தூர்த் தச்சனைப் பாடிப் பாடி ஆராதிக்கிற சனம்தான். ஆனால் தன்ரை பிள்ளை தச்சு வேலைக்குப் போறன் எண்டால் மட்டும் முகம் சுழிக்கும்."

1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்க, குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பெற்றோல், பற்றரி, எல்லாம் தடை. இதைப்பற்றி உங்கள் அப்பா அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். எல்லா வீட்டிலும் ஒரு கதை இருக்கும். சைக்கிள் டைனமோவைக் கையால் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்டார்கள். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் மண்ணெண்ணெயும் விட்டுத் திரி போட்டு, அந்த வெளிச்சத்தில் படித்துச் சோதனை எழுதினார்கள். மோட்டார் சைக்கிளுக்கு நாலு துளி பெற்றோல் காட்டி ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடினார்கள். அந்தப் புகை மணம் தம்பிக்கு நினைவில்லை, அக்காவுக்கு இன்றைக்கும் நினைவு இருக்கிறது.

அப்பா ஒரு கடைச்சல் மெசின் செய்தார். கடைச்சல் என்றால், மரத்தைச் சுழலவிட்டு உளியைப் பிடித்து உருளையாகச் செதுக்குவது. கட்டில் கால், கதிரைக் கால், இடியப்ப உரலின் உலக்கை எல்லாம் அப்படித்தான் வருகின்றன. அவரிடம் ஒரு பழைய ரலி சைக்கிள் இருந்தது. அதைப் பின் சில்லு நிலத்தில் படாமல் ஒரு மரச் சட்டத்தில் நிறுத்தி, டயரைக் கழற்றினார். வெறும் றிம்மின் பள்ளத்தில் ஒரு பட்டி ஓடும். பட்டிக்குத் தோல் இல்லை. பழைய ட்யூபை நீளத்துக்கு வெட்டி முறுக்கித் தைத்தது. பட்டியின் மறுமுனை மரத்தைப் பிடித்திருக்கும் அச்சைச் சுற்றும். பெரிய சில்லு ஒரு முறை சுற்ற, சின்ன அச்சு பல முறை சுற்றும். இவ்வளவுதான் மெசின். ஆனால் இதை ஒருவர் தனியே ஓட்ட முடியாது. ஒருவர் சீற்றில் ஏறியிருந்து மிதிக்க வேண்டும், மற்றவர் உளி பிடிக்க வேண்டும்.

மிதித்தது அம்மா. சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தம்பி வயிற்றில் ஐந்து மாதமாகும் வரைக்கும் மிதித்தார். பிறகு மாமா ஒருவர் வந்து மிதித்தார், பிறகு திரும்ப அம்மா. மரத்தூள் அம்மாவின் தலையெல்லாம் இருக்கும். இரண்டு இடியப்ப உரல் போனால் ஒரு கிழமைச் சாப்பாடு. நாங்கள் வளர்ந்தது அதில்தான்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி நடந்தபோது, அப்பா அந்த மெசினைக் கழற்றினார். சட்டத்திலிருந்து சைக்கிளை எடுத்து, வைத்திருந்த டயரை மாட்டி, காற்றடித்து, ஒரு பக்கம் அரிசி மூட்டையும் கரியரில் அக்காவும் முன் பாரில் தம்பியுமாக உருட்டிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தார். மழை. சனத்துக்குள் ஓர் அடி வைக்க ஒரு மணி நேரம் ஆனதுபோல் இருந்தது. மெசினின் மற்றப் பாதி வீட்டு விறாந்தையில் நின்றது. பிறகு அந்த வீடே நிற்கவில்லை.

கனடாவில் வேலை செய்த இடத்தைப்பற்றி அப்பாவுக்கு ஒரு குறையும் இல்லை. சம்பளம் வந்தது, எங்களைப் படிப்பித்தார். ஆனால் அங்கே அவர் செய்தது பொத்தானை அமத்துவதும் பலகையைத் தள்ளுவதும்தான். உளி பிடிக்கவில்லை.

இனி டேபிள் சோ போன பிறகு நடந்தது. நவம்பரில் அப்பா ரப்லெற்றில் என்னவோ பார்க்கத் தொடங்கினார். யாழ்ப்பாணத்துப் பழைய பாட்டுகள் என்று நினைத்தோம். தம்பி ஒருநாள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தால், ஒரு வெள்ளைக்காரர் மரத்தால் ஒரு பான்ட்சோ செய்துகொண்டிருக்கிறார். மத்தையாஸ் வாண்டெல் என்று பெயர். வாட்டர்லூவில் பிளாக்பெரி போன் செய்த நிறுவனத்தில் ஆரம்ப காலத்திலேயே எஞ்சினியராக இருந்தவர். 2007இல் வேலையை விட்டுவிட்டு, மரத்தாலேயே மர வேலை மெசின்களைச் செய்து, செய்யும் விதத்தை வீடியோவாகவும் வரைபடமாகவும் உலகத்துக்குக் கொடுக்கிறார். அப்பாவுக்கு இங்கிலிஷ் வேகமாகப் பேசினால் விளங்காது. ஆனால் இது கையால் பேசுகிற மனுசன், விளங்கியது.

பான்ட்சோ எது என்று யோசிக்கிறீர்களா? உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஸ்காபரோ மீன்கடையில் உறைந்த அறக்குளாவைத் துண்டு துண்டாக வெட்டுகிற மெசின் அதேதான். மேலே ஒரு சில்லு, கீழே ஒரு சில்லு, இரண்டையும் சுற்றி ஓடுகிற பல் வைத்த எஃகுப் பட்டி. வாள் எப்போதும் கீழ்நோக்கி ஓடுவதால் பலகையை மேசையோடு அமத்திப் பிடிக்கும். வட்ட வாளைப்போல் திருப்பி எறியாது. இதை அப்பா எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்களாகத் தேடிப் படித்த பிறகுதான், எங்கள் பயத்தை அவர் ஒரு சொல்லும் பேசாமல் கணக்கில் எடுத்திருக்கிறார் என்று விளங்கியது.

டிசம்பரில் கராஜில் வேலை தொடங்கியது. மரம் சாதாரண இரண்டுக்கு நாலு. (பெயர்தான் அப்படி, அளந்து பார்த்தால் ஒன்றரை அங்குலத்துக்கு மூன்றரை. கடையில் யாரும் வெட்கப்படுவதில்லை.) அதை முக்கால் அங்குலத் தடிப்பாகச் சீவி, செங்கல் கட்டுவதுபோல ஒரு வரியின் பொருத்து மற்ற வரியின் பொருத்துக்கு மேல் வராமல் அடுக்கி ஒட்டினால், இங்கிலிஷ் "சி" எழுத்துப்போல ஒரு சட்டம் வரும். வாள் பட்டியை இறுக்கும்போது அந்த இழுவை முழுவதையும் இந்தச் சட்டம்தான் தாங்க வேண்டும்.

ஜனவரியில் சட்டம் பிளந்தது.

ஒரு சனிக்கிழமை காலை இறுக்கிகளைக் கழற்ற, மேல் மூலை சத்தத்தோடு விட்டுக்கொண்டு வந்தது. ஒட்டின இடம் முழுவதும் சுண்ணாம்புபோல வெள்ளை. எங்கள் கராஜுக்குச் சூடாக்கி இல்லை. வெளியில் மைனஸ் பன்னிரண்டு. மரத்துக்கு ஒட்டும் அந்த வெள்ளைப் பசை சுமார் 10 பாகைக்குக் கீழே போனால் பிடிக்காது. தண்ணீர் காயும், ஆனால் பசை படலமாகச் சேராமல் தூளாகிப் போகும். போத்தலிலேயே எழுதியிருந்தது. அப்பா பழகியது யாழ்ப்பாணத்து வெக்கையில் வச்சிரம் காய்ச்சி ஒட்டுகிற வேலை. குளிரில் பசை சாகும் என்று அவருக்கு எங்கே தெரியும்?

ஒரு மாத வேலை. கதவடியில் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு துண்டையும் கையில் வைத்துக்கொண்டு, எங்களைப் பார்க்காமல் கேட்டார்:

"பிள்ளை, இதைக் கொஞ்ச நாள் வீட்டுக்குள்ளை வைக்கலாமோ?"

அது அவருடைய வீடு. அவர் பெயரில் இருக்கிற வீடு. எங்களிடம் அனுமதி கேட்கிற நிலைக்கு அவரைக் கொண்டுவந்து விட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது. இருவருக்கும் வாய் வரவில்லை. தம்பி போய் ஒரு முனையைத் தூக்கினான்.

அடுத்த மூன்று கிழமை எங்கள் இருப்பறையில் ஓர் ஆள் உயரச் சட்டம் படுத்திருந்தது. அம்மாவின் கதிரையைச் சுவரோரம் தள்ளினோம். வீட்டுச் சந்திப்புக்கு வந்த போதகர் அதைக் கடந்து வந்து, கதிரை நுனியில் இருந்து ஜெபித்துவிட்டுப் போனார். என்ன என்று அவர் கேட்கவில்லை. அதற்காக அவருக்கு எங்கள் நன்றி.

அந்த மூன்று கிழமையில்தான் கதைத்தோம். ஒட்டும்போது ஆறு கை வேண்டும்; பசை பூசி இறுக்கிப் பிடிக்க நேரம் குறைவு. கையில் பசையோடு ஒருவரும் எழும்பிப் போக முடியாது. அக்காதான் தொடங்கினாள். "அப்பா, அந்த மெசினை வித்தது பிழை." அப்பா இறுக்கியின் பிடியை இன்னும் அரைச் சுற்றுச் சுற்றினார்.

"அது ஆபத்தான மெசின்தான். எனக்கும் தெரியும். நீங்கள் கேட்டிருந்தால் நானே வித்திருப்பன்."

பிறகு, "கொம்மாவும் கேட்டிருப்பா" என்றார்.

இனி மெசின் கதை. சில்லுகள் 16 அங்குலம், பிளைவுட் தட்டுகளை ஒட்டிச் செய்தவை. அதன் மேல் வாள் வழுக்காமல் இருக்க றப்பர் வேண்டும். கடையில் விற்கிற றப்பர் வளையம் விலை. வாண்டெல் போடுவது சைக்கிள் ட்யூப்! அந்த வீடியோவில் அந்த இடம் வந்தபோது அப்பா நிறுத்திவிட்டுத் திரும்ப மூன்று தரம் பார்த்தார். பிறகு எழும்பிப் போய், தம்பியின் மகளுடைய சின்னச் சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிள்ளை அழத் தொடங்கிவிட்டாள். புது ட்யூப் வாங்கித் தருகிறோம் என்று இருவரையும் சமாளித்தோம்.

வேகக் கணக்கை அப்பாவும் தம்பியும் ஒரு பழைய சபை அறிவித்தல் தாளின் பின்பக்கத்தில் போட்டார்கள். மரம் அரிய வாள் நிமிடத்துக்கு 3000 அடியளவில் ஓட வேண்டும். 16 அங்குலச் சில்லின் சுற்றளவு 50 அங்குலம் சொச்சம், அதாவது ஏறக்குறைய 4.2 அடி. அப்படியென்றால் சில்லு நிமிடத்துக்கு 716 தரம் சுற்ற வேண்டும். கிஜிஜியில் 40 டொலருக்கு வாங்கிய மோட்டர் சுற்றுவது 1725. மோட்டரில் இரண்டரை அங்குலக் கப்பியும் சில்லில் ஆறு அங்குலக் கப்பியும் போட்டால் 719 வரும். "கணக்கிலை ஓடாத பெடியன்" என்று தன்னைப் பற்றி எங்கள் அப்பப்பா சொன்னதை அப்பா அன்றைக்குச் சொல்லிச் சிரித்தார். தாளைத் தம்பி வைத்திருக்கிறான்.

திருகாணியெல்லாம் றொபேட்சன், அந்தச் சதுரக் குழி வைத்தது. ஊரில் அப்பா பார்த்தது கீறல் வைத்த ஆணிதான். திருகும்போது வழுக்கிக் கையைக் கிழிக்கும். சதுரக் குழி ஆணி 1908இல் இங்கே மில்டனில் தொடங்கியது என்று தம்பி சொன்னதிலிருந்து, மில்டனுக்குக் குடிபோன எங்கள் உறவினர்மேல் அப்பாவுக்கு ஒரு தனி மரியாதை.

தம்பி மின் வேலை செய்பவன். மோட்டரின் உடலை நிலத்தொடுப்போடு இணைத்தான். சட்டம் மரம் என்பதால் அது கட்டாயம். காந்த சுவிட்ச் ஒன்று போட்டான். கரண்ட் நின்று திரும்ப வந்தால் மெசின் தானாக ஓடத் தொடங்காது. யாராவது வந்து பொத்தானை அமத்த வேண்டும். அக்கா தன் பங்குக்குச் சட்டம் போட்டாள். கண்ணாடியும் முகக் கவசமும். மரத்தூளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு புற்றுநோய் உண்டாக்குவதாக 1995லேயே பட்டியலில் போட்டுவிட்டது. கையுறை கூடாது. இதை அப்பா நம்பவில்லை. நாள் முழுக்கக் கையுறையோடு வேலை செய்கிறவள் கையுறை போடாதே என்கிறாள். சுழலுகிற எதுவும் துணியின் ஒரு நூலைப் பிடித்தால் கையையே இழுத்துக்கொண்டு போகும் என்று சொன்னபோது ஒத்துக்கொண்டார். அடுத்ததைச் சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது.

"அப்பா, மோதிரமும் கழற்ற வேணும்."

கலியாண மோதிரம். இடம்பெயர்ந்தபோதும், கனடா வந்து வாடகை கட்ட இல்லாதபோதும் விற்காத மோதிரம். அம்மா போன பிறகும் கழற்றவில்லை. மோதிரம் ஒரு விளிம்பில் கொழுவினால் விரலின் தோலையும் சதையையும் உரித்துக்கொண்டு போகும். அக்கா அதைப் பார்த்திருக்கிறாள். இரண்டு நாள் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் பார்த்தால் சுவிட்சுக்கு நேர் மேலே சுவரில் ஒரு பித்தளை ஆணி. சவர்க்காரம் போட்டுக் கழற்றியிருக்கிறார். விரலில் ஒரு வெள்ளை வளையம். சுவிட்சுக்குக் கை போக வேண்டுமென்றால் மோதிரத்தைக் கண் காணாமல் போக முடியாது.

ஏப்ரல் கடைசியில் சில்லு கடைகிற நாள் வந்தது. பிளைவுட்டை எவ்வளவு கவனமாக வட்டமாக வெட்டினாலும் அது சரியான வட்டம் இல்லை. ஆகவே சில்லை அதன் அச்சிலேயே மாட்டி, மோட்டரால் சுற்றவிட்டு, முன்னால் ஒரு கட்டையை நிறுத்தி, அதன்மேல் உளியை வைத்துக் கடைந்து சரியாக்க வேண்டும். நடு கொஞ்சம் உயர்ந்தும் ஓரங்கள் தாழ்ந்தும் இருக்க வேண்டும். பட்டி எப்போதும் உயர்ந்த இடத்தைத் தேடி ஏறும். அதனால்தான் வாள் வெளியே ஓடிப் போகாமல் நடுவில் நிற்கிறது. அந்த வளைவு கண்ணுக்குத் தெரியாத அளவு. அதைக் கை உணர வேண்டும்.

அப்பா கோட்டைக் கழற்றினார். கைச்சட்டையை முழங்கைக்கு மேல் மடித்தார். மோதிரத்தை ஆணியில் கொழுவினார். உளியைக் கட்டையில் வைத்து, இடது கையால் அமத்தி, கால்களை அகட்டி நின்றார். இப்படி அவர் நின்றதைத் தம்பி வாழ்நாளில் பார்த்ததில்லை. அக்கா ஏழு வயதில் கடைசியாகப் பார்த்தாள். சுவிட்சில் கை வைத்துக்கொண்டு நின்றோம்.

அப்பா சில்லிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "மிதியும்."

எங்களை அப்பா அப்படிச் சொல்வதில்லை. எங்களுக்கு "மிதி", "போடு", "வா". வாரும், இரும், மிதியும் என்று அவர் இந்த உலகத்தில் சொன்ன ஆள் ஒன்றுதான்.

அவருக்குத் தான் என்ன சொன்னேன் என்று தெரிந்ததோ தெரியாது. அக்கா பொத்தானை அமத்தினாள். சில்லு உறுமிக்கொண்டு எழும்பியது. உளி பட, பிளைவுட் தூளாகப் பறந்தது. முதலில் டக் டக் என்று மேட்டில் மட்டும் தட்டிய சத்தம், மெல்ல மெல்ல இடைவெளி குறைந்து, கடைசியில் ஒரே நீளமான "ஸ்ஸ்" ஆக மாறியது. அப்பாவின் தலையெல்லாம் தூள். நிறுத்தச் சொன்னபோது முகக் கவசத்துக்கு மேலே கண் நனைந்திருந்தது, தூள் என்றார். தம்பியும் தூள் என்றான்.

அன்றிரவு ஜெபம் பண்ணியது அப்பா. சாப்பாடு ஆறிப் போகும் அளவுக்கு நீளம்.

பிறகும் வேலை இருந்தது. சில்லின் பாரமான பக்கம் எப்போதும் கீழே வந்து நின்றது. அந்தப் பக்கத்தில் ஆழமில்லாத துளைகள் போட்டுப் போட்டு, எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கும்வரை சமப்படுத்தினோம். வாள் இரண்டு தரம் கழன்றது. மூடிகள் செய்ய ஒரு மாதம். மேசை, பலகையை வழிநடத்தும் வேலி, இவை சுகமாக முடிந்தன. ஜூலையில் முதல் பலகையை அரிந்தோம், ஒரு மேப்பிள் துண்டு. ஒரு விநாடிக்கு 50 அடி ஓடுகிற வாள், காதுக்குத் தையல் மெசின் அளவுதான் சத்தம். மொத்தச் செலவு 400 டொலருக்குள். புதிதாக வாங்கினால் ஆயிரத்துக்கு மேல் போகும். இருந்தாலும், காசு மிச்சப்படுத்த மெசினை நாங்களே கட்டினோம் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பவேண்டாம். ஏழு மாதத்துக்கு மணிக்கணக்குப் பார்த்தால் தம்பியின் சம்பளத்தில் மூன்று மெசின் வாங்கலாம்.

இப்போது அப்பா கடைச்சல் மெசின் ஒன்றைத் தொடங்கியிருக்கிறார். இதற்கும் மோட்டர்தான். ஆனால் படத்தில் ஓரமாக ஒரு மிதியும் வரைந்து வைத்திருக்கிறார். எதற்கு என்று நாங்கள் கேட்கவில்லை. ஓய்வுநாள் பாடசாலைச் சின்னப் பிள்ளைகளுக்கு இருக்கிற முக்காலிகள் ஆடுவதாகப் பொறுப்பாசிரியர் சொன்னாராம். அதற்குக் கால் கடைய வேண்டும், பன்னிரண்டு முக்காலிக்கு முப்பத்தாறு கால்.

வாலிபர் யாராவது வந்து பார்க்க விரும்பினால் சனிக்கிழமை இரண்டு மணிக்குப் பிறகு வரலாம், ஆனால் வருவதற்கு முன் ஒரு சொல் கேட்டுவிட்டு வாருங்கள், அப்பாவிடமே கேளுங்கள். தலைமுடி நீளமானவர்கள் கட்டிக்கொண்டு வரவேண்டும். கையுறை கொண்டுவர வேண்டாம். மோதிரம், காப்பு போட்டிருக்கிறவர்களுக்காகச் சுவரில் இன்னும் நாலு ஆணி அடித்து வைத்திருக்கிறார்.